ஜூலன் ஏறிய ரயில்

ஐயா, வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமியைப் பற்றிய உங்கள் குறிப்பை மகளோடு சேர்ந்து படித்தேன். பதின்மூன்று வயதாகும் அவளும் வேகப்பந்துதான் வீசுகிறாள். திருப்பூரில் பயிற்சி முடிந்து வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. பெண்பிள்ளையின் உடம்புக்கு இது ஆகாது என்று உறவினர்கள் குறை சொல்கிறார்கள். மட்டைவீச்சுக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள நண்பருக்கு,

உடம்புக்கு ஆகாது என்பதற்கு அதிகம் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2002 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டியை ஆடிய ஜூலன், 2022 செப்டம்பரில் அதே இங்கிலாந்துக்கு எதிராக லார்ட்ஸில் ஆடி விடைபெற்றார். 204 ஆட்டங்களில் அவர் எடுத்த 255 விக்கெட்டுகளைப் பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் இன்னும் எவரும் எட்டவில்லை.

என் மனதை விட்டு அகலாதது அவர் ஏறிய ரயில். 1997 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் ஈடன் கார்டன்ஸ் எல்லைக்கோட்டருகே பந்து எடுத்துக் கொடுத்த அந்தப் பெண், நதியா மாவட்டத்துச் சக்தஹாவிலிருந்து விடிவதற்கு முன் ரயிலேறிக் கொல்கத்தாவுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவர்.

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் களத்தில், காய்ந்த மஞ்சளை அள்ளிய பிறகு, பெரியப்பா மகளான என் அக்கா பந்து வீசுவாள். களத்துப் புழுதியில் புரண்டுவரும் ரப்பர் பந்து என் தென்னமட்டையில் மஞ்சள் வட்டமாகப் பதியும். அதுவும் பந்து மட்டையில் பட்டால்தான், பெரும்பாலும் படாது. அவள் இடது காலை ஊன்றும் இடத்தில் குழி விழுந்துவிடும். அப்பாரு ஒரு சொல்லும் கடிந்துகொள்ளாமல் மறுநாள் அதில் மண் போட்டுத் தட்டிச் சாணியால் மெழுகுவார். பிறகு அவள் கல்லூரி அணியில் சேர்ந்தாள். பயிற்சி முடிய ஆறரை மணியாகும், எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து ஏழு மணிக்கு. இரண்டு முறை அதைத் தவறவிட்டாள். அதன்பின் வீட்டில் அவளைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. என்னிடம் அப்போது டிவிஎஸ் 50 இருந்தது. நான் போய் அழைத்து வந்திருக்கலாம், போகவில்லை.

2025 நவம்பரில் நவி மும்பையில் உலகக்கோப்பையை வென்ற நம் பெண்கள், ஓய்வுபெற்று மூன்றாண்டு ஆகியிருந்த ஜூலனின் கையில் அதைக் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அக்கா என்னை அழைத்தாள். விக்கெட்டுகளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் புள்ளைய ஆரு கொண்டுபோயி ரயிலேத்தி உட்டாங்களாமா?” என்று மட்டும் கேட்டாள்.

உறவினர்கள் சொன்னதையெல்லாம் எழுதிய நீங்கள், அவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே! பெற்ற தகப்பன் வாயைத் திறக்காத வீட்டில் மற்றவர்கள் பேசத்தான் செய்வார்கள். இருட்டுவதுதான் குறையென்றால், அதற்கு அவள் கையிலிருக்கும் பந்தை ஏன் பிடுங்க வேண்டும்? பந்தா மட்டையா என்பதை அவளும் பயிற்சியாளரும் பார்த்துக்கொள்ளட்டும். நாளை மாலை அவள் பேருந்தைவிட்டு இறங்கும்போது நீங்கள் காங்கேயம் பேருந்து நிலையத்தில் நில்லுங்கள்.