தைப்பூசத்துக்குப் போன ஆச்சிக்குக் கால் முறிவு. 30 நாளும் முடியப்போகிறது

கேள்வி: தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பார்க்க என் ஆச்சி (மூத்த சகோதரி, வயது 64) பினாங்கு போனார். நாத்தனார் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. ஆறு வாரம் விமானம் ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். மலேசியாவில் தங்க அனுமதித்த 30 நாள் முடிய இன்னும் ஒன்பது நாள்தான். “பேசாமல் இருங்கள், கிளம்பும்போது ஏர்போர்ட்டில் அபராதம் கட்டிக்கொள்ளலாம்” என்கிறார் டிக்கெட் போட்ட ஏஜென்ட். நான் இங்கே நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி அனுப்பினால் உதவுமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: பத்திரத்துக்கு 20 ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். ஆச்சியைத் தங்க அனுமதித்தது மலேசியக் குடிநுழைவுத் துறை. நீட்டிப்பதும் அவர்கள் கையில்தான். கோலாலம்பூரில் உள்ள நம் தூதரகத்தால்கூட ஒரு நாள் கூட்டித் தர முடியாது.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் அங்கே போய் 30 நாள் இருக்கலாம். அதனால் ஆச்சியிடம் நீட்டிப்பதற்கு விசா என்று ஒன்று இல்லை. அவரிடம் இருப்பது வருகைப் பாஸ், அதாவது உள்ளே நுழையும்போது தந்த தங்கும் அனுமதி. “பேரனைப் பார்த்து ஆசை தீரவில்லை” என்று போனால் அதை நீட்டிக்க மாட்டார்கள். நோய், விபத்து போன்ற காரணங்களுக்குத்தான், அதுவும் ஆதாரம் பார்த்து. உங்கள் ஆச்சியின் நிலை அதற்குள் வருகிறது.

எல்லாம் மருத்துவமனைக் கடிதத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் கூப்பிடும் பெயர் ஒன்று, பாஸ்போர்ட்டில் அப்பச்சி (அப்பா) பெயரும் சேர்ந்து நீளமாக இன்னொன்று. அட்மிஷன் போட்ட அவசரத்தில் நாத்தனார் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருந்தால் கடிதமும் அப்படியே வரும். கவுண்டரில் அது யாருடைய கடிதமோ ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், விழுந்த தேதி, எந்தத் தேதி வரை பறக்கக்கூடாது என்பது, டாக்டரின் கையெழுத்து, முத்திரை அத்தனையும் வேண்டும். ஆச்சியால் நேரில் வர முடியாது என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். திருச்சி டிக்கெட்டை டாக்டர் சொன்ன தேதிக்குப் பின் மாற்றிப் போட்டு, அந்தப் பிரதியையும் நாத்தனாரின் மைகாட் (மலேசிய அடையாள அட்டை) நகலையும் சேர்த்து, பாஸ் முடியும் முன்பே அங்குள்ள குடிநுழைவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே நாத்தனாரை அனுப்பி விசாரியுங்கள்.

ஏஜென்ட் சொன்னபடி அபராதத்தோடு தப்பியவர்கள் இருக்கலாம். ஆனால் மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அனுமதி முடிந்தும் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் அடுத்த பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போக முடியாது. மாட்டிக்கொள்ளப்போவது ஆச்சி, ஏஜென்ட் அல்ல.

எல்லை தாண்டித் திரும்பி வந்தால் புதிதாக 30 நாள் கிடைக்கும் என்றும் யாராவது சொல்வார்கள். திரும்ப உள்ளே விடுவது அதிகாரியின் விருப்பம். சிங்கப்பூருக்கோ நமக்கு விசாவே வேண்டும். மாவுக்கட்டோடு அந்த அலைச்சல் எதற்கு?

நீட்டிப்பு மறுக்கப்பட்டால் ‘பாஸ் காஸ்’ என்னும் சிறப்புப் பாஸ் கேளுங்கள். கட்டணம் 100 ரிங்கிட். ஒழுங்காகக் கிளம்பும் வரை குறுகிய கால அவகாசம் தருவார்கள். கட்டிய ரசீதை பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கட்டும், விமான நிலையத்தில் கேட்பார்கள்.