எக்ஸ்ரே கவரும் காந்தி ரோடும் (கடிதம்)

அன்புள்ள அம்மா,

நான் வேலூர் சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது சென்னையில் வேலை. நகரத்துப் பெண்ணைப் பற்றி ஒரு நாவல் தொடங்கியிருக்கிறேன். நம் கதைகளில் காரணமில்லாமல் நகரத்தைச் சுற்றும் ஆண்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு பெண் இருக்கிறாளா? எதையெல்லாம் படிக்க வேண்டும்? கதையைச் சென்னையில்தான் வைக்க முடியும் என்று படுகிறது. வேலூரில் ஆஸ்பத்திரியையும் வெயிலையும் விட்டால் எழுத என்ன இருக்கிறது?

கா.

அன்புள்ள கா.,

உனக்கு என் மகள் வயது, நீ என்றே எழுதுகிறேன். படிக்க வேண்டிய பட்டியலை யாரிடமும் கேட்காதே. நூலகத்துக்குப் போய் நீயே தேடு.

வர்ஜீனியா வுல்ஃப் 1927இல் எழுதிய ஒரு கட்டுரையில், லண்டன் தெருக்களில் மாலை நேரம் சுற்றுவதற்குப் பென்சில் வாங்கப் போவதைச் சாக்காக வைத்துக்கொள்கிறார். அவருக்கே சாக்கு வேண்டியிருந்தது. நம் பக்கம், 1966இல் விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேச’த்தில், மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண்ணின் முன்னால் நகரம் ஒரு காராக வந்து நிற்கிறது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலின் ஜமுனா குடத்தோடு தெருவுக்கு வருகிறாள். ஆபத்து, இல்லையென்றால் குடம். இரண்டும் உண்மைதான். எழுத்தாளர் அம்பையின் கதைகளில் வரும் பயணப் பெண்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

எனக்குக் கோபம் வந்தது உன் கடைசி வரியில். ஆஸ்பத்திரியை எதற்கு விட வேண்டும்? அந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் என்ற பெண் மருத்துவர் 1918இல் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கு மட்டுமானது. ஆண்களைச் சேர்த்ததே 1947இல்தான். இதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத எதுவுமில்லை என்கிறாய்.

ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் காந்தி ரோட்டில் போய் நில். நோயாளிக்குத் துணையாக வங்காளத்திலிருந்து வந்த பெண்கள் லாட்ஜில் சமைக்க மீனும் உருளைக்கிழங்கும் வாங்குகிறார்கள். தமிழ் தெரியாமல் விரலைக் காட்டியே பேரம் பேசுகிறார்கள். டீக்கடை வாசலில் நின்று டீ குடிக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கடை வாசலில் நீ தனியாக நின்றிருக்கிறாயா? போகிறவர்களில் ஒருவராவது உன் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். நீ வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்திருக்கும். அதே தெரு, அதே நேரம், அவளுக்கு அது நகரம், உனக்கு ஊர். ஜனத்தொகையும் மேம்பாலமும் இதில் கணக்கே இல்லை. தன்னைத் தெரியாதவர்கள் நடுவே நிற்க ஒரு பெண்ணுக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ, அங்கேதான் அவளுக்கு நகரம் தொடங்குகிறது.

என் பெரியம்மா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துக்காரி. பெரியப்பாவை வேலூரில் சேர்த்திருந்தபோது கூட இருந்தவள் அவள்தான். சாயங்காலமானால் எக்ஸ்ரே கவரைக் கையில் எடுத்துக்கொண்டு கோட்டை வரைக்கும் நடந்து, அகழிக் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லக்கூட வழியில்லை. கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் அப்போது உன் சத்துவாச்சாரியில் இருந்தார், கோட்டைக்குத் திரும்பியது 1981இல்தான். ஆனால் எக்ஸ்ரே கவரோடு போகிற பெண்ணை யாரும் எங்கே என்று கேட்கவில்லை. பெரியப்பா பிழைத்து ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் தனியாக எங்கேயும் போனதில்லை. “அப்போ கோட்டை வரிக்கும் நானே போயி வந்துகினு இருந்தேன். இப்போ தெருமுனைக்குப் போனாலும் இன்னாத்துக்குன்னு கேக்குறாங்க” என்பாள். சொல்லிவிட்டு உடனே, “அவரு பொழைச்சதே போதும்” என்று சேர்த்துக்கொள்வாள், யாரோ கேட்டுவிட்டதுபோல.

அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே பெண்ணின் வாயில் வைத்து எழுது. ஒன்றை மட்டும் எழுதினால் அது பொய். நிலத்தை விற்று, கடன் வாங்கி ரயிலேறி வந்திருப்பவளும் அந்தத் தெருவில் இருக்கிறாள். அவள் நடையை வெறும் உல்லாசமாக எழுதினால் நான் உன்னை மன்னிக்க மாட்டேன்.

அடுத்த முறை காட்பாடியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றில் அறை கேட்டுப் பார். உன் ஆதாரில் சத்துவாச்சாரி முகவரியைப் பார்த்ததும் அவர்கள் என்ன கேட்பார்கள், நீ என்ன சொல்வாய்? முதல் அத்தியாயத்தை அங்கே தொடங்கு. எழுதியதும் எனக்கு அனுப்பு, வரிவரியாகப் படிக்கிறேன். சென்னை நாவலை அனுப்பாதே.