கியோஸ் தீவுக்கு எப்போது போகலாம்?

அன்புள்ள ஐயா,

கிரேக்கத்தின் சாண்டோரினி தீவில் மொய்க்கும் சுற்றுலாக் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது, “அதற்குப் பதில் கியோஸ் போகலாம்” என்று ஒரே வரியில் நகர்ந்துவிட்டீர்கள். எங்கள் டிராவல் ஏஜென்ட்டிடம் கேட்டால், “அங்கெல்லாம் யாரும் போறதில்லை சார்” என்கிறார். நான், மனைவி, முழங்கால் வலியுள்ள அம்மா, பள்ளிக்குப் போகும் மகள் என நான்கு பேர். சைவம். கையில் ஒன்பது நாள். மே விடுமுறையில் போகலாமா, காலாண்டு விடுமுறையிலா? எதிர்க்கரையில் இருக்கும் துருக்கியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமா?

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம் படம்தான் வேண்டும் என்றால் சாண்டோரினிக்கே போங்கள். கியோஸ் அப்படி இருக்காது. கிரேக்கத்தின் ஐந்தாவது பெரிய தீவு அது. கப்பல் முதலாளிகளின் பூர்வீகம். தெற்கே பிசின் விளைகிறது. சுற்றுலாப் பயணி வந்தாலும் வராவிட்டாலும் அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும். அந்த வேலையைப் பார்க்கத்தான் போகச் சொன்னேன்.

பிசின் உங்களுக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் ‘ரூமி மஸ்தகி’ என்று கேட்டால் தருகிறார்களே, அதுதான். ரூமி என்றால் ரோம், அதாவது பழைய கிழக்கு ரோமப் பேரரசின் நாடு. இந்தப் பிசின் தரும் மரம் மத்தியதரைக் கடலோரம் பல இடங்களில் வளர்கிறது. ஆனால் வணிகத்துக்கு எடுக்கும் அளவுக்குப் பிசின் தருவது கியோஸின் தென்பகுதியில் மட்டும்தான்.

கோடை தொடங்கும்போது மரத்தடியைக் கூட்டிச் சமன்செய்து, வெள்ளைச் சுண்ண மண்ணைச் சலித்துப் பரப்புவார்கள். சொட்டும் பிசினில் அழுக்கு ஒட்டாமல், நிறம் கெடாமல், சீக்கிரம் உலர அந்த மண் வேண்டும். ஜூலை நடுவிலிருந்து, கூர்முனைச் சிறு கருவியால் பட்டையில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறுவார்கள். ஆழம் நான்கைந்து மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் மரத்துக்குக் கேடு. இந்தக் கீறலை அவர்கள் ‘கெந்திமா’ என்கிறார்கள். தையல் பூவேலைக்கும் அதே சொல். வாரத்துக்கு இரண்டு தடவை வீதம் ஐந்தாறு வாரம் கீறுவார்கள். கசிந்து விழுவது ‘கண்ணீர்’. இறுக இரண்டு வாரம் போல ஆகும். அதற்குள் மழை பெய்தால் மண்ணும் சருகும் பிசினோடு ஒட்டி, சரக்கு தரம் இறங்கிவிடும். இவ்வளவு பாடுபட்டும் ஒரு மரத்தில் ஆண்டுக்கு 200 கிராம் தேறுவதே அரிது. அதையும் சலித்து, கழுவி, ஒவ்வொரு மணியாகக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இந்தத் தொழிலறிவை யுனெஸ்கோ 2014இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2012 ஆகஸ்ட் தீயில் தெற்கே ஏராளமான மரங்கள் கருகின. புதுக் கன்று பிசின் தரத் தொடங்கவே ஐந்து வருஷம் ஆகும்.

ஆகவே காலாண்டு விடுமுறைதான். செப்டம்பர் கடைசியில் இரண்டாம் அறுவடையைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஊர்த் தெருவில் சல்லடை ஓடும். கடலும் வெதுவெதுப்பாக இருக்கும். மே மாதம் போனால் மரத்தைப் பார்க்கலாம், வேலையைப் பார்க்க முடியாது.

தங்க வேண்டிய ஊர் மெஸ்தா. 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட இத்தாலிய ஜெனோவாக்காரர்கள், பிசினைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க ஊரையே கோட்டையாகக் கட்டினார்கள். கடைசி வரிசை வீடுகளின் பின்சுவர்தான் மதில். தெருக்கள் வளைந்து, முட்டுச் சந்தாக முடிந்து, வந்தவனைக் குழப்பும். கூரைகளெல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம்; எதிரி உள்ளே நுழைந்துவிட்டால் மொட்டைமாடி வழியாகவே தப்பலாம். பக்கத்து ஊரான பிர்கியில் சுவர்களைப் பாருங்கள். கருமணல் கலந்த சாந்து பூசி, மேலே சுண்ணாம்படித்து, ஈரம் காய்வதற்குள் முள்கரண்டியால் சுரண்டுவார்கள். சுரண்டிய இடம் சாம்பல் நிறமாகவும் மற்றது வெள்ளையாகவும் நிற்கும். நம்மூர்க் கோலத்தைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல இருக்கும். உங்கள் மகளுக்குப் பிடிக்கும்.

நியா மோனி மடத்தின் 11ஆம் நூற்றாண்டு மொசைக்குகளை (சிறு துண்டுகள் பதித்த சுவரோவியங்களை) தவறவிட வேண்டாம். மதியம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வாசலருகே, ஒட்டோமான் துருக்கியப் படை நடத்திய 1822 படுகொலையில் இறந்தவர்களின் மண்டையோடுகள் இருக்கின்றன. மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மலைமேல் ஆளரவமற்றுக் கிடக்கும் அனவாதோஸ் அம்மாவுக்கு வேண்டாம். ஏற்றம் கடுமை.

ஏதென்ஸிலிருந்து விமானம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். பிரேயஸ் துறைமுகத்து இரவுக் கப்பல் பெரும்பாலும் விடியுமுன்பே இறக்கிவிடும். மதியம்தான் அறை தருவார்கள் என்பதால் முந்தின இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் அம்மா காபிக் கடை நாற்காலியில் உட்கார்ந்திருக்க நேரும். காற்று பலமானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு ஏதென்ஸில் இருந்தே தீர வேண்டும். டிக்கெட் போடும்போது விமான நிலையக் குறியீடு ஜே.கே.எச். தானா என்று பாருங்கள். கோஸ், இயோஸ் என்று வேறு தீவுகளும் உண்டு.

தெற்கே பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். வாடகைக் கார்தான் வசதி. அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் புறப்படுமுன்பே வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் இடித்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

துருக்கி விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எதிர்க்கரைத் துருக்கிய ஊரான செஷ்மே கண்ணுக்குத் தெரியும் தூரம், படகும் உண்டு. ஆனால் அங்கே இறங்கியதுமே ஷெங்கன் (கிரேக்கம் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா வட்டாரம்) எல்லையைத் தாண்டியாகிவிட்டது. ஒருமுறை நுழையும் விசா என்றால் திரும்பி வர முடியாது, பெட்டி கியோஸ் அறையில் கிடக்கும். பலமுறை நுழையும் விசா வாங்குங்கள், துருக்கிக்குத் தனியாக இ-விசா எடுங்கள். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் துருக்கியை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பொரித்த மஸ்தெலோ பாலாடைக்கட்டி, வேகவைத்த கீரை, தக்காளிக்குள் அரிசி அடைத்த கெமிஸ்தா எல்லாம் உண்டு. கெமிஸ்தாவில் கொத்துக்கறி இருக்கலாம். ‘ஓர்ஃபனா’ என்று கேளுங்கள். அனாதை என்று பொருள், கறி இல்லாதது. கிறிஸ்தவ நோன்புச் சாப்பாட்டைச் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். அதில் இறால், கணவாய் அனுமதி.

திரும்பும்போது மஸ்தகி வாங்குவதானால் இரண்டு மணியை மென்று பாருங்கள். முதலில் நொறுங்கும், லேசாகக் கசக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுசேர்ந்து வெண்மையான சூயிங்கம்மாக வேண்டும். தூளாகவே கரைந்து போனால் வேறேதோ பிசின், வாங்காதீர்கள்.