டர்பனில் வசித்துக்கொண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன, சேமிப்பில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் வாங்கலாமா, ரோலெக்ஸ் டேட்டோனா கிடைக்கும்வரை பொறுக்கலாமா, இந்த ஊரில் அதை அணிந்து நடமாட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் வாங்கப்போவதில்லை, பெற்றோருக்கு அனுப்பும் பணத்திலும் கைவைக்கப்போவதில்லை என்று எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். வாங்கலாம், ஆனால் அதிலுள்ள குரோனோகிராஃப்பின், அதாவது ஓடவிட்டு நிறுத்தி நேரத்தை அளக்கும் அமைப்பின், பொத்தானை அழுத்த உங்களுக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டும். இல்லையென்றால் சாதாரண மூன்று முள் கடிகாரமே போதும். பழுது பார்ப்பதும் எளிது.

எனக்கு அந்த வேலையைக் கொடுத்தது காம்ரேட்ஸ் ஓட்டம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓட வேண்டிய அந்தப் பந்தயத்தில் என் மைத்துனர் ஓடுகிறார். நான் விடியுமுன் அவரைத் தொடக்கக் கோட்டில் விட்டுவிட்டு, பாதி வழியிலுள்ள டிரம்மண்டில் உப்புப் போட்ட உருளைக்கிழங்கோடு காத்திருப்பவன். ஓடி முடிக்க அனுமதி 12 மணி நேரம். அது முடியும் நொடியில் ஓர் அதிகாரி ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவார். அதன்பின் கோட்டைத் தொடுபவருக்குப் பதக்கம் கிடையாது. ஸ்பீட்மாஸ்டரின் முகப்பில் ஆறாம் எண் இருக்க வேண்டிய இடத்திலுள்ள சிறு வட்டம் எண்ணுவதும் சரியாக 12 மணி நேரம்தான். தொடக்கத்தில் மேல் பொத்தானை அழுத்திவிட்டால், அந்தச் சிறுமுள் ஒரு சுற்றை முடிப்பதற்குள் அவர் வந்து சேர வேண்டும், அவ்வளவே. கைபேசியில் இது இல்லையா என்று கேட்பவர்கள் வருவார்கள். இருக்கிறது, இதைவிடத் துல்லியமாகவும் இருக்கிறது. பட்டுச்சேலை கட்டியவரிடம் நைலான் சீக்கிரம் உலரும் என்று சொல்வதைப் போன்ற வாதம் அது.

டேட்டோனாவுக்காகக் காத்திருக்க நான் சொல்லமாட்டேன். கடையில் பெயரைப் பதிந்துகொள்வார்கள். முறை எப்போது வரும் என்று எழுதிக் கொடுக்கமாட்டார்கள். மேலும் அதன் பொத்தான்கள் திருகி மூடப்பட்டவை, திருகைத் தளர்த்திய பிறகே அழுத்த முடியும். 100 மீட்டர் நீர் தாங்குவது அதன் பலன். ஸ்பீட்மாஸ்டருக்கு 50 மீட்டர்தான், ஆகவே அதைக் கட்டிக்கொண்டு உம்ஷ்லாங்காவில் கடலில் இறங்க வேண்டாம். கையால் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம் அது. இப்போதுள்ள 3861 இயந்திரம் முழுச் சாவியில் 50 மணி நேரம் ஓடும். விற்பனையாளர் நிலவுக் கதையைச் சொல்லுவார். 1969இல் அதை அணிந்து நிலவில் நடந்தவர் ஆல்ட்ரின், ஆர்ம்ஸ்ட்ராங் தம்முடையதை ஊர்தியிலேயே விட்டுவிட்டு இறங்கினார் என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள். பேச்சு தோல் வாருக்கு மாறிவிடும்.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. வீட்டுப் பொருட்களுக்கான காப்பீடு வெளியே அணிந்து செல்லும் கடிகாரத்துக்கும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். அதைத் தனியாகக் குறிப்பிட்டு, மதிப்பீட்டுச் சான்றும் கொடுத்து, மாதத் தவணை எவ்வளவு கூடுகிறது என்று வாங்குமுன்பே கேளுங்கள். வார்விக் சந்தைப் பக்கம் போகும் நாளில் நான் என்னுடையதைக் கழற்றி வைத்துவிடுகிறேன். இதைக் கோழைத்தனம் என்பவர் சொல்லட்டும். ஆனால் எல்லா நாளும் பெட்டகத்தில்தான் கிடக்கும் என்றால் வாங்காதீர்கள்.

ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுச் சர்வீஸ் தேவைப்படும். குரோனோகிராஃப்பில் பாகங்கள் அதிகம், கூலியும் அதிகம். இங்கே என் ஆதங்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் மாற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்த என் கடிகாரத்தை, பழுதுபார்த்தவர்கள் என்னைக் கேட்காமலே மெருகேற்றி, வார் கோக்கும் காதுகளின் கூர்விளிம்பை மழுக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். பளபளப்பு இலவசம் என்று பெருமையாகச் சொன்னார்கள். உலோகம் போனால் போனதுதான். ஆகவே கடிகாரத்தைக் கொடுக்கும்போதே "மெருகேற்றக் கூடாது" என்று ரசீதில் எழுதச் சொல்லி, அவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள். பழையதாக வாங்குவதானாலும் முதலில் அந்தக் காதுகளைப் பாருங்கள். பிறகு குரோனோகிராஃப்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, கீழ்ப் பொத்தானை அழுத்தும்போது நடு முள் நேராக உச்சிக்கோட்டில் வந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.