25 நிமிடத்தில் ஓர் ஆயுள்

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் 'தி இன்னர் லைட்' பகுதியைப் பற்றிக் கோப்பிக் கடையில் பேசப்போய்ச் சண்டையாகிவிட்டது. விண்கப்பலின் கேப்டன் பிக்கார்டுக்குக் கிடைத்தது பரிசா, அத்துமீறலா? - ஒரு வாசகர், ஈசூன்

பதில்: அத்துமீறல்தான், சந்தேகமே வேண்டாம். அழிந்துபோன கட்டான் கிரகத்தார் அனுப்பிவைத்த கருவி, கேட்காமல் கொள்ளாமல் மனிதரின் மூளைக்குள் புகுந்து, விண்கப்பலில் 25 நிமிடம் ஓடுவதற்குள் மனைவி, பிள்ளைகள், பேரன் என்று ஓர் ஆயுளையே வாழவைத்துவிடுகிறதே! ஆனால் கடைசியில், அந்த வாழ்க்கையில் கற்றுக்கொண்ட புல்லாங்குழலை எடுத்துப் பழகிய கையாக வாசிக்கிறார் பாருங்கள், அங்கே என் கட்சி கொஞ்சம் ஆடிப்போகிறது. 1992இல் வந்த இந்தப் பகுதிக்கு மறு வருடம் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது சும்மா இல்லை. எனக்கு ஒரே மனக்குறை, அடுத்த பகுதியிலேயே ஒன்றுமே நடக்காததுபோல் வேலைக்குத் திரும்பிவிடுகிறார். குழல் மறுபடி வரும் 'லெசன்ஸ்' பகுதியையும் பார்த்துவிட்டு, அப்புறம் சண்டையைத் தொடருங்கள்.