கார் ஷெட்: கான்கிரீட் கொட்டும் முன் கேட்க வேண்டியவை

குமரி, தென்காசி, தேனி மாவட்டங்களில் கேரள எல்லையோரம் புது வீட்டோடு கார் ஷெட்டும் கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. அலமாரியும் பெயின்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தரை மட்டம், பைப், வயர் மூன்றையும் பிறகு மாற்றுவதென்றால் உடைக்கத்தான் வேண்டும்.

மார்த்தாண்டம்: அண்ணே, ஒரு காரும் ரெண்டு பைக்கும் நிக்கணும். கொத்தனார் பத்துக்குப் பதினாறு போதும்ங்கிறார். சரியா?

பத்துக்குப் பதினாறில் கார் நிற்கும், ஆனால் நீங்கள் இறங்கச் சிரமப்படுவீர்கள். இன்னோவா கிரிஸ்டாவை அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 4.735 மீட்டர், அதாவது பதினைந்தரை அடி. அகலம் 1.83 மீட்டர், 6 அடி. டிரைவர் பக்கம் கதவைத் திறந்து இறங்க 3 அடி, மறுபக்கம் இரண்டரை அடி என்று வைத்தால் உள் அகலமே பதினொன்றரை வந்துவிடும். முன்னால் நடக்க 3 அடி, பின்னால் ஷட்டருக்கு ஒன்றரை அடி. ஆக, காருக்கு மட்டும் 12க்கு 20, அதுவும் பூச்சுக்குப் பின் உள்ளளவு. பைக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓரமாக நிறுத்த இன்னும் 3 அடி சேர்த்து 15க்கு 20 போடுங்கள். ஷட்டர் 9 அடி அகலம், 8 அடி உயரம். அதை நடுவில் வைக்காமல் கார் பக்கம் ஒதுக்கி, பைக் பக்கம் 3 அடியில் தனிக் கதவு வையுங்கள். இல்லாவிட்டால் பால் வாங்கப் போவதற்கும் காரை வெளியே எடுக்க வேண்டிவரும்.

தக்கலை: ரோட்டைவிட வீட்டு மட்டம் ரெண்டடி உயரம். ஷெட் தரையை எந்த மட்டத்துல வைக்கலாம்?

நம் பக்கம் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ரோட்டுக்குத் தார் மேல் தார் போட்டு உயர்த்திக்கொண்டே போவார்கள், அதற்கும் சேர்த்தே யோசியுங்கள். ஷெட் தரை ரோட்டைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். வீட்டுத் தரை அதைவிட 6 இஞ்சு மேலே இருப்பதும் நல்லதுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அந்த ஒரு படி அதையும் தண்ணீரையும் வீட்டுக்குள் வரவிடாது.

ஒன்றரை அடி ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும், அதாவது எட்டுக்கு ஒன்று. இதைவிடச் செங்குத்தானால் மழையில் டயர் வழுக்கும். சரிவு முடிந்து தரை தொடங்கும் இடம் கூர்மையாக இருந்தால் காரின் அடிவயிறு தட்டும். அதனால் மேலேயும் கீழேயும் 3, 4 அடிக்குப் பாதிச் சரிவாக மழுக்கிவிடுங்கள். அதற்குத் தகுந்தபடி மொத்த நீளம் கூடும். சரிவில் பளபளப்பு டைல்ஸ் வேண்டாம். சிமென்ட் இறுகும் முன் குறுக்காகக் கோடு இழுத்தால் போதும்.

உள்தரைக்கு வாசலை நோக்கி நூற்றுக்கு ஒன்று வாட்டம். 20 அடிக்கு ஏறக்குறைய இரண்டரை இஞ்சு. ஷட்டருக்கு வெளியே குறுக்காக 6 இஞ்சு அகலக் கால்வாய் எடுத்து, கழற்றி எடுக்கக்கூடிய கம்பிச் சட்டம் போட்டு மூடுங்கள். அதற்கு மேல் ரப்பர் இலையும் தென்னம்பாளையும் வந்து விழத்தான் செய்யும். கையால் தூக்கிச் சுத்தம் செய்ய முடியாத சட்டம் ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும். காரைக் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாதபடி பைப்பைத் திருப்பிவிடுங்கள்.

களியக்காவிளை: தரைக்கு எத்தனை மூட்டை சிமென்ட் ஆகும்?

மண்ணைத் தண்ணீர் ஊற்றி அரை அடி அரை அடியாக இடித்து நிரப்புங்கள். விரிசலுக்கு முதல் காரணம் தளர்ந்த மண்தான், சிமென்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கரையான் மருந்தும் இந்தக் கட்டத்திலேயே. அதன் மேல் 6 இஞ்சு கல், ஜல்லி. பிறகு கனமான பாலித்தீன் விரிப்பு, அது ஈரம் ஏறாமல் தடுக்கும். அதன் மேல் 5 இஞ்சு எம் 20 கான்கிரீட் (சிமென்ட் 1, மணல் ஒன்றரை, ஜல்லி 3), 8 மி.மீ. கம்பி 8 இஞ்சு இடைவெளியில். 12க்கு 20 தரைக்கு 100 கன அடி கான்கிரீட், சுமார் 23 மூட்டை சிமென்ட். மறுநாளே 10 அடிக்கு ஒரு வெட்டு, ஒன்றேகால் இஞ்சு ஆழம். 10 நாள் தண்ணீர் கட்டுங்கள், 28 நாளுக்கு முன் கார் ஏற்ற வேண்டாம்.

செங்கோட்டை: அண்ணாச்சி, வாஸ்துப்படி வாயு மூலைல ஷெட், மேற்கு பாத்து வாசல். செய்யலாமா?

வடமேற்கு மூலை உங்கள் விருப்பம். வாசலை மட்டும் மேற்கே வைக்காதீர்கள். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊரில் வாயு பகவானே நேரில் வந்தது போல. மேற்கே திறந்தால் சாரல் உள்ளே அடிக்கும், ஷட்டர் இரவெல்லாம் தடதடக்கும். தகரக் கூரையானால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்து தூக்கும், மேலே ஓடும் காற்று இழுக்கும். வாசல் கிழக்கே இருக்கட்டும், மேற்கே முழுச்சுவர். கூரை ஓரத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்குரு, ரப்பர் வாஷரோடு. தூணின் அடித்தகடு கான்கிரீட்டுக்குள் பதித்த போல்ட்டில் நிற்க வேண்டும். பூச்சில் அடித்த ஆணி காற்றுக்கு நிற்காது.

குளச்சல்: ஷட்டர் ரெண்டு வருஷத்துல துருப்பிடிச்சுருமே?

கடற்கரையில் சாதாரண இரும்பு ஷட்டர் கீழ்ப்பட்டையிலிருந்துதான் அரிக்கத் தொடங்கும். கால்வனைஸ் செய்தது அல்லது அலுமினியம் வாங்குங்கள். கீழே ரப்பர் விளிம்பு வையுங்கள், எலியும் வராது. எலி வந்தால் முதலில் கடிப்பது பானெட்டுக்குள் இருக்கும் வயரைத்தான். ரிமோட் மோட்டார் போட்டால் கரண்ட் இல்லாதபோது கையால் திறக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புளியரை: இப்ப பெட்ரோல் கார்தான். பின்னால எலெக்ட்ரிக் கார் வாங்கினா, அந்த சார்ஜருக்கு இப்பவே வயர் இழுக்கணுமா?

வயர் வேண்டாம், பைப் போடுங்கள். மீட்டர் போர்டிலிருந்து ஷெட் வரை 40 மி.மீ. பைப், உள்ளே ஒரு இழுகம்பி. பிறகு 3.3 கிலோவாட் சார்ஜர் என்றால் தனி லைன், 4 சதுர மி.மீ. தாமிரக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்), நல்ல எர்த். மிக்சிக்கும் அயர்ன்பாக்ஸுக்கும் போட்ட லைனில் செருகாதீர்கள். 15 ஆம்பியர் எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் சாதாரண சாக்கெட் உருகும். 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். அதற்குக் குறைந்தது 6 சதுர மி.மீ., தூரம் அதிகமானால் 10. மின்வாரியத்தில் லோடும் கூட்ட வேண்டிவரும்.

கம்பம்: அடியில குழி வெட்டி வச்சா ஆயில் மாத்த வசதிதானே?

வேண்டாம். பெட்ரோல் ஆவி, எல்பிஜி கேஸ் இரண்டும் பள்ளத்தில்தான் தங்கும், ஒரு பொறி போதும். மழைக்காலத்தில் ஊற்றும் எடுக்கும். ஒரு ஜோடி ரேம்ப்பும் இரண்டு ஜாக் ஸ்டாண்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தென்காசி: லைட்டு, ஜன்னல்?

நடுவில் ஒரு லைட் போட்டால் வெளிச்சம் காரின் கூரைக்குத்தான். காருக்கு இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டிரண்டு 20 வாட் டியூப் லைட். எதிரெதிர்ச் சுவர்களில் தரையிலிருந்து 6 இஞ்சில் ஒரு துவாரம், கூரைக்கடியில் ஒன்று, இரண்டுக்கும் எலிவலை. படுக்கையறைச் சுவரில் மட்டும் துவாரம் கூடாது, புகை அங்கே போகும். வாசலருகே ஒரு தீயணைப்பான் மாட்டுங்கள். தென்னை மரம் கூரைக்கு மேல் நின்றால் பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம்.