காலையில் காய்ச்சல் இல்லை, பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி, இருமல், காய்ச்சல் என்று ஏதாவது வந்துவிடுகிறது. பள்ளி கொடுத்த கையேட்டில் ‘முழுமையாகக் குணமான பிறகே அனுப்பவும்’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. இருமல் நிற்கவே மூன்று வாரம் ஆகிறது, அதுவரை வீட்டில் வைத்திருக்க முடியுமா டாக்டர்? நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். சில நாள் காலையில் சிரப் கொடுத்து அனுப்பினேன், மதியத்துக்குள் பள்ளியிலிருந்து போன் வந்துவிட்டது. எதற்கு அனுப்பலாம், எதற்கு நிறுத்த வேண்டும்?

பதில்: அந்த ஒற்றை வரியை அப்படியே கடைப்பிடித்தால் உங்கள் மகள் வருடத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருப்பாள். சாதாரண வைரஸ் சளிக்குப் பிறகு இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது வழக்கம்தான். இருமல் இருக்கும் நாள் முழுக்க அது மற்றவர்களுக்குத் தொற்றுவதும் இல்லை. சளி அதிகமாகப் பரவுவது முதல் சில நாட்களில், அதுவும் பல நேரம் மூக்கு ஒழுக ஆரம்பிப்பதற்கு முந்தைய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே ‘முழுமையாக’ என்ற சொல்லை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். வகுப்பில் உட்கார்ந்து, விளையாடி, சாப்பிடும் தெம்பு இருக்கிறதா? ஆசிரியர் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு இவளை மட்டும் கவனிக்க வேண்டி வருமா? இவளுக்கு இருப்பது வகுப்பில் மற்றவர்களுக்கு எளிதில் பரவும் நோயா? பெரும்பாலான நாட்களில் இவற்றுக்கான பதிலே முடிவைச் சொல்லிவிடும்.

முதலில் காய்ச்சல், ஏனென்றால் போன் வந்தது அதனால்தான். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். பாராசிட்டமால் வேலை செய்வது நான்கு முதல் ஆறு மணி நேரம்தான். ஏழரை மணிக்குக் கொடுத்தால் பன்னிரண்டு மணிவாக்கில் காய்ச்சல் திரும்ப ஏறும், போனும் சரியாக அப்போதுதான் வரும். மருந்து சூட்டைத்தான் குறைக்கிறது, நோயை அல்ல. இடைப்பட்ட நேரத்தில் குழந்தை மற்றவர்களுக்குப் பரப்பிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள் என்கிறோம்.

இதில் பெற்றோர் பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. உடல் வெப்பம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. விடியற்காலையில் குறைவாக இருக்கும், பிற்பகலிலும் மாலையிலும் ஏறும். காய்ச்சல் வந்த குழந்தைக்கும் அப்படித்தான், அதனால் காலையில் தொட்டுப் பார்த்தால் ‘விட்டுவிட்டது’ போல இருக்கும். ஒரு முழு மாலைப்பொழுது மருந்தில்லாமல், காய்ச்சலும் இல்லாமல் கழிந்ததா என்று பாருங்கள், அதுதான் நம்பக்கூடிய அறிகுறி. முடிவையும் முந்தின இரவே எடுத்துவிட்டால், யார் விடுப்பு எடுப்பது என்று காலை ஏழு மணிக்குச் சண்டை போட வேண்டியிருக்காது.

மருந்தைப் பற்றி அவசரமாகச் சில வார்த்தைகள். பாராசிட்டமால் அளவு வயதை விட எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சிரப்கள் வெவ்வேறு வீரியத்தில் வருகின்றன, ஆகவே பழைய பாட்டிலுக்குச் சொன்ன மில்லி அளவைப் புதிய பாட்டிலுக்கு ஊற்றிவிடாதீர்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், பாட்டிலோடு வரும் மூடியோ சிரிஞ்சோ போதும். குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்காக ஆஸ்பிரின் கூடவே கூடாது. அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய்ஸ் நோய்க்குறி வரலாம்.

சரி, சளி இருமல். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள் என்றால் அனுப்புங்கள். சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் உடனே ஆன்டிபயாடிக் கேட்டு வருகிறார்கள், ஆனால் சாதாரண வைரஸ் சளியிலேயே நான்கைந்து நாளில் அந்த நிறம் வரும். இருமி இருமி வாந்தி எடுப்பது, இரவெல்லாம் தூங்காமல் இருமுவது, மூச்சில் விசில் சத்தம் என்றால் கதை வேறு, அன்று பள்ளி வேண்டாம், காட்டிவிடுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கில் மட்டும் நான் கொஞ்சம் கறார். சில நாடுகளின் வழிகாட்டுதல் கடைசி வாந்திக்குப் பிறகு 24 மணி நேரம் என்கிறது, சிலவற்றில் 48. சிறு பிள்ளைகளுக்கு 48-ஐத்தான் நான் சொல்வேன். காரணம் நோரோவைரஸ் போன்றவை: மிகக் கொஞ்சம் கிருமியே அடுத்த பிள்ளைக்குப் போதும், குழந்தை தேறிய பிறகும் பல நாள் மலத்தில் வெளியேறும், ஐந்து வயதில் கழிவறைக்குப் போய்விட்டு ஒழுங்காகக் கை கழுவுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். இந்த வைரஸிடம் ஆல்கஹால் சானிட்டைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். பையில் சானிட்டைசர் தொங்கவிடுவதை விட, விரலிடுக்கு வரை கழுவப் பழக்கினால் பலன் அதிகம். வீட்டில் இருக்கும்போது ஓஆர்எஸ் கரைசலைச் சிறிது சிறிதாக, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், ஒரே மூச்சில் குடித்தால் திரும்ப வெளியே வரும்.

உடம்பில் புள்ளி, கொப்புளம் என்றால் என்ன நோய் என்று தெரியாமல் அனுப்ப வேண்டாம். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில்தான், வழக்கமாக ஐந்தாறு நாள். தட்டம்மைக்குப் புள்ளி வந்ததிலிருந்து நான்கு நாள், பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய் வேறு ரகம்: காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறி, எச்சில் ஒழுகாமல் சாப்பிட ஆரம்பித்தால் போகலாம், ஏனென்றால் அந்த வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் இருக்கும், அது போகும் வரை காத்திருப்பது நடக்காத காரியம். (சில வாரம் கழித்து நகம் உரியலாம். பயப்பட வேண்டாம், புதிது முளைக்கும்.)

பேனுக்காகக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன, எனக்கு அதில் உடன்பாடில்லை. பேன் தாவாது, பறக்காது, தலையோடு தலை ஒட்டினால்தான் ஊர்ந்து போகும், எந்த நோயையும் பரப்பாது. அன்று மாலை மருந்து போட்டு, ஈர்க்கொல்லிச் சீப்பால் வாரி, மறுநாள் அனுப்பினால் போதும். கண் சிவந்து பீளை தள்ளினால் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விதி, அதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

எது வந்தாலும் பள்ளிக்கு உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. வகுப்பில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளை இருக்கலாம், ஆசிரியர் கர்ப்பமாக இருக்கலாம். சின்னம்மை என்று அன்றே தெரிந்தால் அவர்களுக்குத் தடுப்பு ஏற்பாடு செய்ய வழியுண்டு. பகலில் மருந்து கொடுக்க வேண்டுமென்றால் பெயர், அளவு, நேரம் எழுதிப் பெரியவர் கையில் கொடுங்கள், பைக்குள் போட்டுவிடாதீர்கள்.

மூச்சு வேகமாகி விலா உள்வாங்குவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவள்வது, எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, கழுத்தை மடக்க முடியாதது, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள்: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக, அந்த ‘மாதம் தவறாமல்’. பள்ளியில் சேர்ந்த முதல் வருடத்தில் ஆறிலிருந்து எட்டு முறை, சிலருக்கு அதற்கு மேலும், சளி பிடிப்பது இயல்பு. அவள் உடல் புதிய வைரஸ்களை ஒவ்வொன்றாகச் சந்திக்கிறது, எதிர்ப்புச் சக்தி குறைவு என்று அர்த்தமில்லை, அதற்கென்று விற்கும் டானிக்குகளும் தேவையில்லை. தடுப்பூசி அட்டையை எடுத்து ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள், வருடாந்திர ஃப்ளூ ஊசி பற்றியும் கேளுங்கள். எடை ஏறாமல் நின்றாலோ, நிமோனியா திரும்பத் திரும்ப வந்தாலோ, ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனாலோ மட்டும் அடுத்தகட்டப் பரிசோதனை தேவைப்படும்.